ஐந்தாம் தூக்கம்

முள்ளுக்கரையில் பட்டுப்புழு நான்கு முறை தூங்கும். பக்கத்து வீட்டுக்காரன் தூங்கினானா, தூக்கமில்லாமல் கூரையை வெறித்துக்கொண்டிருந்தானா என்பது அந்த ஊரில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள். ஆனால் புழு எந்த வேளையில் இலையை விட்டுத் தலையைத் தூக்கி அசையாமல் நிற்கிறது, எந்த வேளையில் பழைய தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுகிறது என்பதைக் கைக்குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். முதல் தூக்கத்தில் குரலைத் தாழ்த்துவார்கள், இரண்டாம் தூக்கத்தில் மிளகாய் வறுக்க மாட்டார்கள், மூன்றாம் தூக்கத்தில் மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரை மலைப்பக்கம் திருப்பிவிடுவார்கள், நான்காம் தூக்கத்தில் ஜென்மப் பகையாளிகள்கூட வாய்க்காலைத் தாண்டிப் போய்த்தான் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு புழுவுக்குத் தூக்கமே கிடையாது. ஒரு வாரம் பேய்த்தீனி தின்றுவிட்டுக் கூடு கட்டும். அப்பேர்ப்பட்ட ஊரில்தான் தீர்த்தகிரியின் பெண்டாட்டி மாதம்மாவுக்குத் தூக்கம் போனது, ஊர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பக்கத்தை எடுத்தார்கள், பிறகு கீமோ என்று மாதக்கணக்கில் ஊசி ஏற்றினார்கள், பிறகு கதிர்வீச்சுக் கரண்டு வைத்தார்கள். ஊசிக்கு முன்னால் ஒரு மாத்திரை கொடுப்பார்கள். வாந்தியை அடக்கும், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு படுத்தால் விடியும்வரை நெஞ்சு படபடவென்று அடிக்கும். ஊசி நின்றது, அந்த மாத்திரையும் நின்றது, தலையில் முடிகூடக் குச்சிகுச்சியாக முளைத்தது, தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. இனி வருடக்கணக்கில் சாப்பிடு என்று கொடுத்த வேறொரு மாத்திரை உடம்புக்குள் அடுப்பை மூட்டியது. போர்த்தினால் வெந்தாள், போர்வையை உதறினால் நனைந்த ரவிக்கையோடு நடுங்கினாள். அறுத்த பக்கம் படுக்க முடியவில்லை, மறுபக்கம் படுத்தால் கை மரத்தது, மல்லாந்தால் அடுத்த ஸ்கேனில் என்ன வருமோ என்ற நினைப்பு வந்து நெஞ்சின்மேல் குந்திக்கொண்டது.

"இது நிறைய பேருக்கு வர்றதுதான்மா, உங்களுக்கு மட்டும் இல்ல" என்றார் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா. "ஆனா இப்படியே விடக் கூடாது. தூங்கினாத்தான் உடம்பு தேறும். தூக்கம் வரலன்னா படுக்கையில புரண்டுகிட்டே கிடக்காதீங்க, எழுந்து உக்காருங்க, கண்ணு சொக்கினதும் போய்ப் படுங்க. கொஞ்ச நாளைக்கு மட்டும் ஒரு மாத்திரை எழுதுறேன்." மாத்திரை வாங்குவதும் கொடுப்பதும் தீர்த்தகிரியின் பொறுப்பாயிற்று. மாதம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நகை வேண்டாம், நல்ல சேலை வேண்டாம், எடுத்த மார்புகூட வேண்டாம், பழையபடி ஒரு தூக்கம் தூங்கினால் போதும் என்றிருந்தது.

ஊரோ அவள் நோவு தீர்ந்து வந்துவிட்டாள், ஆகவே அவளுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டியிருந்தது. அவள் கொழுந்தன் பெண்டாட்டி வேடியம்மா தினமும் காலையில் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வந்தால் ஒட்டிக்கொள்ளுமென்று முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்னாக்கா, தூங்குனியா?" என்பாள்.

"தூங்குனா உம் மூஞ்சியில ஏண்டி முழிக்கறேன்?"

"நோவுதான் போயிடுச்சே, அப்புறம் என்னாத்துக்கு முழிச்சிக்கினு கெடக்கற? கண்ணை மூடுனா தூக்கம் வந்துட்டுப் போவுது."

மாதம்மா சொம்பை எடுத்து எறிந்தாள். சொம்பு வேடியம்மாவின் முழங்காலில் பட்டது. பட்டது போதவில்லை என்றுதான் மாதம்மாவுக்கு இருந்தது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புழு வளர்த்த கை அவளுடையது. இப்போது அவளைப் புழு வளர்க்கும் மனைப் பக்கமே விடவில்லை. மருந்து வாடை புழுவுக்கு ஆகாது என்றார்கள். புகையிலை ஆகாது, கொசுவத்தி ஆகாது, பவுடர் ஆகாது, அந்த வரிசையில் மாதம்மாவும் ஆகாது. வாசலில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கால் நனைத்துவிட்டு ஊரில் உள்ள பொறுக்கிகள் எல்லாம் உள்ளே போய் வந்தார்கள். அவள் எதிரில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, தன் புழுக்கள் தின்னும் சத்தத்தை வெளியிலிருந்து கேட்டாள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தச் சத்தம் மழை மாதிரி இருக்கிறதென்று மெய்மறந்து சொல்வார்கள். மாதம்மாவுக்கு அது புழு இலை தின்னும் சத்தம் மாதிரிதான் இருந்தது, அதைக் கேட்கக் கேட்க வயிறு எரிந்தது.

ஊரில் பட்டு விவசாயிகள் சங்கம் ஒன்று உண்டு, அதற்குத் தலைவர் சென்னகிருஷ்ணன். புழுவுக்குச் சொல்லும் வைத்தியத்தையே மாட்டுக்கும் சொல்வார், மருமகளுக்கும் சொல்வார், அதில் யார் பிழைத்தார்கள் என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. கூட்டத்தோடு சேர்ந்து தூங்காத புழுவை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும்: இலையை நிறுத்த வேண்டும், படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும், அப்போதும் தூங்காவிட்டால் பொறுக்கிக் குழியில் போட வேண்டும். தீர்த்தகிரி போய்ப் பெண்டாட்டி தூங்க மாட்டேனென்கிறாள் என்று சொன்னதும் அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பொழுது சாஞ்சப்புறம் சோறு போடாத. கட்டிலைச் சுத்தி சுண்ணாம்பு தூவு. வயிறு காஞ்சா தானா தூக்கத்துக்கு உக்காந்துக்கும்."

தீர்த்தகிரி அப்படியே செய்தான். ஊசிக்கு உடம்பைக் கொடுத்துவிட்டு எலும்பும் தோலுமாக வந்தவளைப் பட்டினி போட்டான், கட்டிலைச் சுற்றிக் கோலம் போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்துத் தூவினான், தூவிவிட்டு எட்ட நின்று அவள் தலையைத் தூக்குகிறாளா என்று பார்த்தான். மாதம்மா தலையைத் தூக்கினாள். கீழே இருந்த சுண்ணாம்பை ஒரு கை அள்ளி அவன் முகத்திலேயே வீசினாள். அவன் கண்ணெரிச்சலோடு தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் அடுப்படிக்குப் போய்ப் பானையோடு சோற்றைத் தின்றாள்.

புழுக்கள் ஐந்தாம் தூக்கம் தூங்கியது அந்த வாரத்தில்தான். நான்காம் தூக்கம் முடித்து எழுந்து, பேய்த்தீனி தின்றுகொண்டிருந்த புழுக்கள் தீர்த்தகிரியின் மனையில் ஒரு மத்தியானம் பாதி கடித்த இலையை அப்படியே விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி நின்றன. அடுத்து வேடியம்மாவின் மனையில் நின்றன, பொழுது இறங்குவதற்குள் ஊர் முழுக்க நின்றன. நோவு விழுந்துவிட்டதென்று ஆளாளுக்கு வயிற்றில் அடித்துக்கொண்டு மனைக்கு மனை ஓடினார்கள், ஓடினவர்கள் கதவருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள், ஏனென்றால் ஒவ்வொரு மனைக்குள்ளிருந்தும் குறட்டைச் சத்தம் வந்தது. கொசு ரீங்காரம்போல் மெல்லிய குறட்டை, ஆயிரக்கணக்கான தொண்டையிலிருந்து ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கி, முடிவில் விசிலடித்தது. தீர்த்தகிரிக்கு அதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

"இது எங்க வூட்டுக்காரி கொறட்டை" என்றான். "கல்யாணம் கட்டுன நாள்லேர்ந்து கேக்கறேன், எனக்குத் தெரியாதா?"

ஊர் அதை மறுக்கவில்லை. மாதம்மாவின் குறட்டை முன்பெல்லாம் மூன்று வீட்டுக்குக் கேட்கும், எல்லாருக்கும் பழக்கம். தூக்கம் அவளிடமிருந்து போயிற்று, எங்கேயாவது போய் இறங்கித்தானே ஆக வேண்டும், இங்கே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு மனிதத் தூக்கம் எப்படிப் புழுவுக்குள் போகுமென்று ஒருத்தரும் கேட்கவில்லை. தூக்கத்தைத் தொலைத்தவளுக்கு எப்படியிருக்கும் என்றும் ஒருத்தரும் கேட்கவில்லை. பட்டுத்துறையிலிருந்து மேற்பார்வைக்கு வந்த ஆபீசர் ஒருத்தர் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, காற்றோட்டம் போதவில்லை என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார்.

ஊர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று, அவளை என்ன செய்வது என்பதுதான். கோயில் முன்னால் கூடினார்கள். பின்தங்கின புழுவைப் பொறுக்கிப் போடாவிட்டால் படுக்கையே பாழ் என்றார் சென்னகிருஷ்ணன். பொறுக்கிப் போட வேண்டும் என்று எல்லாரும் தலையாட்டினார்கள், எங்கே போடுவது என்றுதான் கொஞ்சம் பேச்சு நடந்தது. கடைசியில் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று தீர்மானமாயிற்று. தாய்வீட்டில் தாயும் இல்லை வீடும் இல்லை என்று தீர்த்தகிரி வாயைத் திறந்து சொல்லவில்லை. மாதம்மா பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு, போகிற வழியில் ஒவ்வொருத்தர் வாசலிலும் எதைச் சொல்லித் திட்டிவிட்டுப் போகலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள்.

அதற்குள் புழுக்கள் எழுந்தன. எழுந்தவை விட்ட இலையைத் தின்று முடித்துச் சந்திரிகை என்னும் மூங்கில் தட்டில் ஏறிக் கூடு கட்டின. கட்டின கூடு ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு, கையில் எடுத்தால் கூழாங்கல் மாதிரி கெட்டி, நூல் இழுத்தால் அறுந்தே போகாத இழை. மார்க்கெட்டில் வியாபாரிகள் ஏலம் கேட்கும்போதே ஒருத்தர் கையை ஒருத்தர் தட்டிவிட்டார்கள். முள்ளுக்கரைக்காரர்கள் திரும்பி வந்த வேனில் பாட்டுச் சத்தம் காதைக் கிழித்தது. மாதம்மாவின் பையை வேடியம்மா பிடுங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். முந்தானை மூக்கில் இல்லை.

"எங்கக்கா போற நீ? நீ போயிட்டா எங்களுக்கு யாரு இருக்கா?" என்று அழுதாள். நிஜக் கண்ணீர்தான். அதுதான் மாதம்மாவுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

அன்றிலிருந்து ஊர் அவளைத் தாங்கியது. அவள் தொட்ட சொம்பில் தண்ணீர் குடிக்காதவர்கள் டபராவில் காப்பி கொண்டுவந்தார்கள். டிகாஷன் காப்பி, கடுங்காப்பி, சுக்குக் காப்பி, ஒருத்தி போனதும் அடுத்தவள் வந்தாள். சங்கத்தில் முறை போட்டு ஆள் அனுப்பினார்கள். வந்தவர்கள் அவள் எதிரே உட்கார்ந்து சீரியல் கதை சொன்னார்கள், செத்துப்போனவர்களின் கதை சொன்னார்கள், எந்த ஊரில் யாருக்குப் புற்றுநோய் திரும்ப வந்தது என்பதை மட்டும் விலாவாரியாகச் சொன்னார்கள், ஏனென்றால் அந்தக் கதைக்குத்தான் அவள் கண் நன்றாக விரிந்தது. இமை லேசாக இறங்கினால் கையைத் தட்டினார்கள். தலை சாய்ந்தால் தட்டில் கரண்டியால் அடித்தார்கள். "அக்கா, எங்க பொழைப்பே உங் கண்ணுலதான் இருக்கு" என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். புழுக்கள் ஊர் ஊராக அந்தக் குறட்டையைக் கற்றுக்கொள்ளவில்லை, முள்ளுக்கரை எல்லையோடு அது நின்றது, அதனால் பக்கத்து ஊர்க்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு வந்து, ஒரு தூக்கக் காலத்துக்கு மாதம்மாவைத் தங்கள் ஊரில் வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். முள்ளுக்கரைக்காரர்கள் கார் கண்ணாடியை உடைத்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் அவர்கள் கீமோ போட்டுக்கொண்டு வந்தவர்கள் யாராவது தூங்காமல் இருக்கிறார்களா என்று வீடு வீடாக விசாரித்துத் திரிந்ததாகக் கேள்வி. தூங்காத பெண்ணிருந்தால் வரதட்சணை இல்லாமல் கட்டிக்கொள்கிறோம் என்றுகூட ஒரு குடும்பத்தார் சொன்னார்களாம்.

மாதம்மா கரைந்தாள். கண்ணுக்குக் கீழே தோல் கறுத்துத் தொங்கியது, பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு மறந்தது, சோற்றில் உப்புக்குப் பதில் சோடா மாவைப் போட்டாள், நின்ற இடத்தில் எதற்கு வந்தோமென்று தெரியாமல் நின்றாள். தூக்கமில்லாதவளுக்கு உலகத்தில் எல்லாரும் பகையாளி, அவளுக்கோ நிஜமாகவே எல்லாரும் பகையாளியாக இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"மாத்திரை போட்டும் தூங்கலையா? இப்படியே போனா உடம்பு தாங்காதும்மா."

"குடுத்துக்கினுதான் இருக்கறேன் மேடம்" என்றான் தீர்த்தகிரி.

அவன் கொடுத்துக்கொண்டுதான் இருந்தான். வெள்ளை மாத்திரை, தண்ணீர், வாயைத் திற என்று பிரியமாகத்தான் கொடுத்தான். ஆனால் அது சத்து மாத்திரை. கூடு நல்ல விலைக்குப் போன நாளிலிருந்து வாங்கின தூக்க மாத்திரைகள் அட்டை பிரிக்காமல் குப்பைக்குழியில் கிடந்தன. செத்த புழுக்களுக்கு நடுவில், சுண்ணாம்பு படிந்து, ஒன்றுகூடக் குறையாமல் கிடந்ததை மாதம்மா சாணம் கொட்டப் போனபோது பார்த்தாள். அட்டைகளை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் போட்டாள். அவன் பயப்படவில்லை. பயப்பட்டிருந்தால்கூட அவள் ஆறியிருப்பாள்.

"இந்த பேட்ச் மட்டும் போவட்டும்மே" என்றான், சமாதானமாக. "கூடு ஏறிட்டா போதும். அப்புறம் ஆயுசுக்கும் தூங்கு, யாரு கேக்கறா?"

இந்த மனிதனோடு ஒரே பாயில் படுத்து எப்படித்தான் குறட்டை விட்டுத் தூங்கினோம் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த மத்தியானம் காவல் முறை வேடியம்மாவுடையது. ஊரில் எல்லா மனையிலும் புழுக்கள் ஐந்தாம் தூக்கத்தில் இருந்தன, ஆண்கள் மல்பெரித் தோட்டத்தில் இருந்தார்கள், வெயில் ஓட்டுமேல் விழுந்து வீடு கொதித்தது. மாதம்மா உட்கார்ந்திருந்தாள். எதிரே, யாருக்கோ கர்ப்பப்பையில் வந்து மூன்றே மாதத்தில் முடிந்துபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்த வேடியம்மா, கதை முடியுமுன்பே சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி, கடைவாயில் எச்சில் ஒழுகத் தூங்கிப்போனாள். இத்தனை சுலபமாக. மூச்சு விடுகிற மாதிரி. மாதம்மா அந்த முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு எழுந்து வெளியே நடந்தாள். அழுகையாக இருந்திருந்தால் வழியிலேயே வடிந்திருக்கும். அது அழுகை இல்லை.

புழு மனை வாசலில் மருந்துத் தண்ணீரைக் காலால் எத்திக் கவிழ்த்தாள். கதவைத் தள்ளினாள். இருட்டும் பச்சை வாடையும் குளிர்ச்சியுமாக இருந்தது உள்ளே. அடுக்கடுக்காக மூன்று நிலைப் படுக்கை, ஒவ்வொன்றிலும் வெள்ளை வெள்ளையாகத் தலை தூக்கி நின்ற புழுக்கள், அத்தனையிலிருந்தும் அவளுடைய குறட்டை ஏறி இறங்கி விசிலடித்தது. சொந்தத் தூக்கத்தை வெளியே நின்று கேட்பது எவ்வளவு கேவலம் என்று அப்போது தெரிந்தது.

"தே, ஓடுகாலி" என்றாள் அதைப் பார்த்து. "ஊசி ஏத்துனப்ப என்னை வுட்டுட்டு ஓடியாந்துட்ட இல்ல? நான் அங்க வாந்தி எடுத்துக்கினு சாவறேன், நீ இங்க வந்து மெத்தை போட்டுப் படுத்துக்கினு இருக்கற. கெஞ்சுவன்னு பாத்தியா? கெஞ்ச மாட்டேன்."

தூக்கம் குறட்டைதான் விட்டது.

மாதம்மா கீழ்ப் படுக்கையில் இருந்த தண்டுகளையும் இலையையும் இரண்டு கையாலும் ஒதுக்கினாள், புடவையை வாரிச் செருகிக்கொண்டாள், ஏறிப் படுத்தாள். அந்த நேரம் பார்த்து உடம்புக்குள் அடுப்பு மூண்டது. கழுத்திலிருந்து தலைவரை தீப்பிடித்ததுபோல் கொதித்தது. ஒதுக்கின புழுக்கள் சரிந்து அவள் கழுத்திலும் கையிலும், அறுத்துத் தைத்த தழும்பிலும் விழுந்தன. புழு எப்போதும் சில்லென்று இருக்கும். வேர்வை அடங்கியது. அவள் ஒன்று இரண்டு எண்ணவில்லை, சாமி பெயர் சொல்லவில்லை, நல்ல நினைப்பு எதையும் நினைக்க முயலவில்லை. தீர்த்தகிரியையும் வேடியம்மாவையும் சென்னகிருஷ்ணனையும், கரண்டியால் தட்டு அடித்த ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி வைதுகொண்டே கிடந்தாள், வைதுகொண்டே வந்தவள் ஒரு பெயரின் பாதியில் நின்றாள். மேல் படுக்கையில் ஒரு புழு தலையை இறக்கியது. பக்கத்துப் புழு இறக்கியது. பிறகு வரிசை வரிசையாக இறக்கின. மனை அமைதியாயிற்று, கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு குறட்டை அங்கே கேட்டது.

ஊர் முழுக்கப் புழுக்கள் எழுந்துவிட்டன. பாதித் தூக்கத்தில் எழுந்த புழு பசி பொறுக்காது. இருந்த இலையைத் தின்றது, காம்பைத் தின்றது, படுக்கையில் விரித்த காகிதத்தைத் தின்றது, பிறகு சுவரேறியது. தோட்டத்திலிருந்து எல்லாரும் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். என்ன நடந்தது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேரே தீர்த்தகிரியின் மனைக்கு வந்தார்கள், வாசலில் முண்டினார்கள்.

"எழுப்புடா அவளை" என்றார் சென்னகிருஷ்ணன். "இப்பவே எழுப்பு. ஒரு தடவை முழிச்சிட்டா அவளுக்குத் திரும்ப வராது, நமக்குத் தெரியும் இல்ல? முழிக்க வை, எல்லாம் சரியாயிடும்."

அது நிஜம்தான். இத்தனை மாதத்தில் கொஞ்சம் கண் அசந்து, நாய் குரைத்தோ நாக்கு வறண்டோ முழித்துவிட்டால் மாதம்மாவுக்கு அதோடு போயிற்று. எத்தனை புரண்டாலும் வராது. அவளை அறிந்த எல்லாருக்கும் தெரியும், தீர்த்தகிரிக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அவன் தயங்கினான் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். தயங்கவில்லை. உள்ளே போனான், தோளைப் பிடித்து உலுக்கினான், "ஏம்மே, எந்திரி, ஏம்மே" என்று கத்தினான், அசையாமல் கிடக்கவே குடத்துத் தண்ணீரை முகத்தில் ஊற்றினான்.

மாதம்மா கண்ணைத் திறந்தாள். வாசலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ கையெடுத்துக் கும்பிட்டார்கள், வேடியம்மா காப்பி போட ஓடத் திரும்பினாள். மாதம்மா மூக்கு நுனியில் நின்ற தண்ணீரை வழித்தாள். குடத்தோடு நின்ற புருஷனைப் பார்த்தாள், அவனுக்குப் பின்னால் வாயைப் பிளந்து நின்ற ஊரைப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாக, நிதானமாகப் பார்த்தாள்.

"கதவைச் சாத்திக்கினு போங்க" என்றாள்.

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள், காலை மடக்கிக்கொண்டாள், மறுபடி தூங்கிப்போனாள்.

யாரும் நகரவில்லை. குடம் தீர்த்தகிரியின் கையில் இருந்தது, அதில் இன்னும் தண்ணீரும் இருந்தது. ஊற்று ஊற்று என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. அவன் ஊற்றினான். மாதம்மா ஈரக் கையால் முகத்தை ஒருமுறை துடைத்தாள், கண்ணைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம்தான் அவர்களுக்குப் பயம் வந்தது. ஒவ்வொருத்தராகப் பின்வாங்கித் தங்கள் தங்கள் மனைக்கு ஓடினார்கள், இலை வெட்ட, சுவரேறிய புழுவைப் பொறுக்க, கிடைத்ததைக் காப்பாற்ற. தீர்த்தகிரி கடைசியாக வெளியே வந்து கதவைச் சாத்தினான். அதை அவன் செய்த நல்ல காரியமாக ஊரில் சொல்வதுண்டு. அப்படியொன்றுமில்லை. அவள் சாத்தச் சொன்னாள், அவன் சாத்தினான்.